அக்கா தொங்கவிட்ட எடைக்கல்

என் அன்பு அக்காவுக்கு,

முதலில் உறுதியான செய்தி. புதன்கிழமை காலை, உங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் கார் லிஃப்டின் வலது பின்மூலை இரும்புக் கம்பி ரோப் அறுந்தது. லிஃப்டின் மேல் வெள்ளை அம்பாசடர். அதற்கு நேர் அடியில், கையில் ஸ்பேனரோடு மாமா. வண்டி விழவில்லை. மாமாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சொன்னவர் மாமாவே. ஏறிப் பார்த்து உறுதி செய்தவர் வெல்டிங் பட்டறை கன்னியப்பன். இன்று ஆரணிக்கு வந்து அறுந்த ரோப்பைக் கையால் தொட்டுப் பார்த்தவன் நான்.

வண்டியைப் பிடித்து நிறுத்தியது நீ தொங்கவிட்ட எடைக்கல். எத்தனையோ விபத்துச் செய்திகளை எழுதியிருக்கிறேன். நடக்காமல் போன ஒரு விபத்தை எழுத இத்தனை நேரம் ஆகும் என்று தெரியாது.

பத்திரிகையில் போடலாமா என்று மாமாவிடம் கேட்டேன். “போட்டுக்கோ மச்சான். ஆனா என் பேரைப் போடாத. அப்புறம் ஒருத்தனும் கல்யாண சவாரி குடுக்க மாட்டான்” என்றார். அதனால் பெயர் இல்லை. உன் பெயரும் வேண்டாம். உன்னை அக்கா என்று கூப்பிடாதவர்கள் உங்கள் தெருவில் யார் இருந்தார்கள்?

உனக்குத் தெரிந்ததுதான். படிப்பவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், தரையில் மல்லாந்து படுத்து வண்டி வேலை பார்த்து மாமாவின் இடுப்பு போனது. வேலூரில் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனை மூடினார்கள். அங்கிருந்த பழைய லிஃப்டை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான்கு மூலையில் நான்கு இரும்புத் தூண். நடுவில், சக்கரங்கள் ஏறி நிற்க இரண்டு நீளமான இரும்புத் தடங்கள். மோட்டாரைப் போட்டால் நான்கு ரோப்பும் நான்கு மூலையையும் சேர்ந்தாற்போல் இழுக்கும். கார் மட்டமாக மேலே போகும். அடியில் ஆள் நிமிர்ந்து நிற்கலாம்.

உன் தறிகள் அப்போது பின்பக்கம் கட்டிய புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டன. பழைய கொட்டகை காலியாக இருந்தது. தறியின் தலைக்கு மேல் உட்காரும் ஜக்கார்ட் பெட்டிக்காக உயர்த்திக் கட்டிய கூரை என்பதால் கார் மேலே போக இடம் இருந்தது. தறிக்குழிகளை மூடிக் கெட்டியாகக் கான்கிரீட் போட்டால்தான் தூண் நிற்க விடுவேன் என்றாய். தெருவே வந்து பார்த்தது. பட்டு வாங்க வந்த வியாபாரிகள், புடவையைப் பார்ப்பதற்கு முன்னால் லிஃப்டைப் பார்த்தார்கள். நீ மட்டும் அசரவில்லை. “தறிக்கும் நாலு காலு, இதுக்கும் நாலு காலு. இன்னா பெரிய அதிசயம்?” என்றாய்.

அப்புறம் லிஃப்டை முதன்முதலாக ஓட்டிய நாள் வந்தது. அந்த ஆடிக் கிருத்திகைக்கு நான் ஊரில் இருந்தேன். காரை ஏற்றி மோட்டாரைப் போட்டார்கள். மூன்று மூலை எழுந்தது. வலது பின்மூலை சோம்பேறி மாதிரிப் பின்தங்கியது. அந்தப் பக்கத்து ரோப் தொய்ந்து கிடந்தது. நீ உள்ளே போனாய். பட்டு நூல் நிறுக்கும் இரும்பு எடைக்கல் ஒன்றை எடுத்து வந்து, அந்த ரோப்பின் நடுவில் பட்டு நூலை முறுக்கிக் கட்டித் தொங்கவிட்டாய்.

தறியில் அதுதானே வழக்கம். நீளவாக்கில் ஓடும் ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஓர் இழை தொய்ந்தால், அதில் ஒரு சின்ன எடையைத் தொங்கவிட்டால் இழை விறைத்துக்கொள்ளும். நெசவு தடையில்லாமல் நடக்கும். ரோப்பும் விறைப்பாகத்தான் ஆனது. “ம், இப்பப் போடுங்க மோட்டாரை” என்றாய். போட்டார்கள். மூலை அதே மாதிரிப் பின்தங்கியது.

மாமா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. “அடியே, இது இன்னா முகூர்த்தப் புடவையா? அடுத்தது சரிகை போட்டு நெய்வியா?” டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கன்னியப்பன் தூணின் மேல் ஏறி, ரோப்பை இழுத்துப் பிடிக்கும் நட்டை முறுக்கினார், மூலை சரியாகிவிட்டது. எல்லோரும் சாப்பிடப் போனோம். நீ வரவில்லை.

நீ அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கன்னியப்பனைக் கூப்பிட்டு, “அந்த நட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணு. இப்ப டைட் பண்ணு. மறுபடி லூஸ் பண்ணு” என்றாய். ரோப் தொய்ந்தால் கல் இறங்கியது. விறைத்தால் கல் ஏறியது. மாமா கை கழுவிவிட்டு வந்து, “இன்னும் நெய்ஞ்சிகினு இருக்கிறியா?” என்றார்.

நீ சொன்ன பதிலை அப்போதே எழுதி வைத்திருக்க வேண்டும். ஆனால் அது மறக்கிற பதில் இல்லை. “ரோப்பு தொய்ஞ்சா கல்லுக்குத்தாங்க மொதல்ல தெரியுது. உங்களுக்குத் தெரியறதுக்குள்ள வண்டி உங்க மேல இருக்கும்.”

அந்த லிஃப்டுக்குப் பூட்டு இருந்தது. தூண்களில் ஏணிப்படி மாதிரி வரிசையாகத் துளைகள். காரைத் தூக்கியபின் ஒரு கைப்பிடியை இழுத்தால், நான்கு மூலையிலும் இரும்பு நாக்கு துளைக்குள் போய் உட்காரும். பிறகு ரோப் இல்லாவிட்டாலும் வண்டி நிற்கும். ஆனால் ஆள் ஞாபகமாக இழுக்க வேண்டும். மாமா இழுப்பாரா? “ரெண்டு நிமிஷ வேலை, ஜல்தியா எறக்கிடப் போறேன்” என்பார். அந்த ‘ஜல்தி’தான் உனக்குப் பயம்.

நீ கேட்டது, ஆள் மறந்தாலும் தானே விழுகிற பூட்டு. கன்னியப்பன் உன் பேச்சை இரும்பில் செய்தார். ஒவ்வொரு மூலையிலும் ஒரு நெம்புகோல், அதன் ஒரு முனையில் ரோப்பின் மேல் உருளும் சின்னச் சக்கரம், மறுமுனையில் நீ கட்டிய எடைக்கல். ரோப் விறைப்பாக இருக்கும்வரை கல் மேலே நிற்கும். தொய்ந்தால் கல் இறங்கி, நாக்கைத் துளைக்குள் தள்ளிவிடும். காருக்குப் பதில் சிமெண்டு மூட்டைகளை ஏற்றி, அடியில் யாரையும் விடாமல், ஒவ்வொரு நட்டாக லூஸ் பண்ணிச் சோதித்துப் பார்த்தீர்கள். நாக்கு ஒவ்வொரு தடவையும் போய் உட்கார்ந்தது. கன்னியப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “பட்டறையில நான் யாருக்கும் இவ்ளோ பயந்ததில்ல சார். அக்கா நிக்குதுன்னா வெல்டிங் தானா ஒழுங்கா வருது” என்று என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு நீ சும்மா இருக்கவில்லை. தடங்களுக்கு அடியில் எண்ணெய் டின் தகட்டை மடக்கித் தட்டு வைத்தாய். ஆயில் சொட்டி மாமாவின் தலையில் விழுவது நின்றது. தடங்களின் உள்பக்கம் டியூப் லைட் போட்டாய். சரிகை வேலைக்கு வேண்டிய வெளிச்சம் நட்டு போல்ட்டுக்கு வேண்டாமா என்று கேட்டாய். இரண்டு தடங்களுக்கும் நடுவே சக்கரம் வைத்த ஒரு குறுக்குப் பாலம். அதன் மேல் ஜாக்கி. லிஃப்டில் இருக்கும்போதே சக்கரத்தைக் கழற்ற அதுதான் வழி. கூரைக்குக் கீழே சிவப்புப் பட்டு நூல் ஒன்றைக் குறுக்கே இழுத்துக் கட்டி, அதில் ஒரு மணி. காரின் தலை நூலைத் தொட்டால் மணி அடிக்கும்; மோட்டாரை நிறுத்த வேண்டும். போளூரிலிருந்து வேன் ஓட்டி வந்த ஒருவர் அந்த மணியைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நீ எனக்கு நடித்தே காட்டினாய்.

ஆனால் தெருவுக்குத் தெரிந்தது மணியோசை அல்ல, கல்லின் சத்தம். கார் இறங்கித் தரையைத் தொட்டதும் நான்கு ரோப்பும் தளரும். நான்கு கல்லும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். டொக், டொக், டொக், டொக். எங்கே இருந்தாலும் உன் குரல் வரும். “நாலு கேட்டுச்சாங்க?” மாமா சலித்துக்கொள்வார்: “கேட்டுச்சு தாயே, கேட்டுச்சு.” ஒரு தடவை மூன்றுதான் கேட்டது, துரு ஏறி ஒரு நெம்புகோல் மாட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்கிறவரை அந்தக் கொட்டகையில் ஒரு வண்டியும் ஏறக்கூடாது என்று கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாய். சவாரிக்குப் போக வேண்டிய வண்டி உள்ளேயே நின்றது.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது.

நீ போன பிறகு அந்தக் கற்கள் அங்கே இல்லை, அக்கா. பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன். நான்கையும் கழற்றி, ஒரு கோணிப்பையின் மேல் மூலையில் வைத்திருந்தார் மாமா. ஏன் என்று கேட்டேன். “அந்த சத்தம் பேஜாரா இருக்குது மச்சான்” என்றார். அதற்கு மேல் கேட்கும் முகமாக அவர் முகம் இல்லை. கார் இறங்கியது. சத்தமே இல்லை. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்.

ஆகவே, புதன்கிழமை அந்த மூலையில் கல் எப்படி இருந்தது? இதுதான் இன்று நான் ஊருக்கு எடுத்து வந்த கேள்வி.

முதலில் கன்னியப்பனிடம் கேட்டேன். “நான் மாட்டலீங்க சார். எனக்கே தெரியாது” என்றார். பிறகு மேலே காட்டினார். ரோப் அறுந்த மூலையில் இரும்பு நாக்கு துளைக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. மற்ற மூன்று மூலையைவிட இந்த மூலை ஒரு சாண்கூடத் தாழவில்லை. “கைப்பிடியை ஐயா அன்னிக்கும் இழுக்கல. இந்தக் கல்லு மட்டும் இல்லன்னா...” இருவரும் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதில் உன் கட்டு இருந்தது. பட்டு நூலை முறுக்கிப் போட்ட அதே கட்டு.

மாமாவிடம் கேட்டேன். “அதை விடு, டீ குடி” என்றார். மறுபடி கேட்டேன். “நீ நிருபர்னா ஊருக்கு. இங்க மச்சான்தான்” என்றார். டீயைக் குடித்தேன். காத்திருந்தேன். காத்திருப்பதுதானே என் தொழில்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவராகவே சொன்னார். “உங்கக்கா போனதும் அந்த சத்தத்தைக் கேக்க முடியல. டொக்குன்னா, ஒடனே அவ குரல் வரும்னு காது நிக்குது. வரல. அதான் கழட்டினேன்.” வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அப்புறம் வண்டி சத்தமில்லாம எறங்குச்சு பாரு, அது அதைவிடக் கஷ்டமா இருந்துச்சு. திட்டறதுக்கே ஆள் இல்லாத மாதிரி. போன மாசம் எடுத்து மாட்டிட்டேன். பூட்டுக்காக இல்ல மச்சான். சத்தியமா பூட்டுக்காக இல்ல.”

புதன்கிழமை என்ன கேட்டது என்று கேட்டேன்.

“ஒண்ணுதான். தலைக்கு மேல, ஒரே ஒரு டொக்கு. வண்டி மேல இருக்குது, கல்லு ஏன் உழுதுன்னு வெளிய வந்துட்டேன். வந்து நின்னுதான் பாத்தேன், ரோப்பு தொங்கிகினு இருக்குது.” பிறகு என்னை நேராகப் பார்த்தார். “வெளிய வந்ததும் நான் இன்னா சொன்னேன் தெரியுமா? ‘ஒண்ணுதான் கேட்டுச்சு’ன்னு சொன்னேன். சத்தமா. யாருமே இல்ல.”

இதை அச்சில் போடலாமா என்று கேட்டேன். “போடு. அவளுக்குத் தெரியட்டும்” என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம். நீ அவருடைய மறதிக்கு ஒரு பூட்டுப் போட்டாய். அவர் துக்கத்தில் அதைக் கழற்றினார், துக்கத்திலேயே திரும்ப மாட்டினார். அவர் மாட்டியது உன் குரலுக்காக. விழுந்தது அவர் உயிருக்காக. இதில் எது உன் வேலை, எது அவர் வேலை என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிரித்துத்தான் ஆகவேண்டுமா, அக்கா?

படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் இப்படி ஒரு லிஃப்ட் இருந்தால், ரோப் தொய்ந்தால் தானே விழும் பூட்டு அதில் இருக்கிறதா என்று தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். இருந்தாலும் கைப்பிடியை இழுத்துவிட்டே அடியில் போங்கள். அக்கா இருந்தால் இதையே இன்னும் காரமாகச் சொல்லியிருப்பாள்.

இன்னும் தெரியாதவை இரண்டு. ரோப் ஏன் அறுந்தது என்பது முதலாவது. தூணின் மேலுள்ள கப்பியைக் கழற்றினால்தான் தெரியும் என்கிறார் கன்னியப்பன். அதுவரை அந்த மூலைக்கு மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்து, கொட்டகையைப் பூட்டியிருக்கிறோம். சாவியை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நான்கு ரோப்பையும் மாற்றிவிடுவதென்று முடிவு. புது ரோப்புகள் சென்னையிலிருந்து பார்சல் லாரியில் வரும் வியாழக்கிழமை வந்துசேரும் என்கிறார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை மாட்டி, சாயங்காலம் வண்டியை இறக்குவதாகத் திட்டம்.

இரண்டாவது, அப்போது எத்தனை கேட்கும் என்பது. நான் கொட்டகை வாசலில் நிற்பேன், அக்கா. சக்கரம் தரையைத் தொட்டு, கற்கள் விழுந்து முடிந்ததும், நீ கேட்கிற மாதிரியே உரக்கக் கேட்பேன். மாமா சலித்துக்கொண்டு பதில் சொல்லும்வரை சாவியைத் தரமாட்டேன்.

இப்படிக்கு,
இந்த முறை சாவியை இடுப்பில் செருகியிருக்கும்
உன் தம்பி