புகை பட்ட பை

பாய்சுன்,
சனிக்கிழமை.

அன்பு மருமகள் ஹுல்கருக்கு மாமா நோர்கோபில் எழுதுவது. நானும் உன் அத்தை ஒய்சுலுவும் நலம். தாஷ்கந்து வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ.

உன் ஆய்வுக்கூடத்துக்கு நான் அனுப்பிய நம் மலை மூலிகை மான்புல்லின் சாறு, கிருமி வளர்த்த தட்டில் கிருமியைக் கொன்று அகலமாக வெற்று வட்டம் போட்டது, உடம்பு துருப்பிடிக்காமல் காக்கிற சத்தும் அதில் ஏராளம் என்று எழுதியிருந்தாயே, அதைத் தேநீர்க்கடையில் வாசித்தேன். கொஞ்சம் சேர்த்தும் விட்டேன். பாறையில் கயிறு கட்டித் தொங்கிப் பறித்ததாகவும், நாற்பது மருத்துவர்கள் எழுந்து நின்று கைதட்டியதாகவும். கழுதை மேல் உட்கார்ந்தபடியே பாதையோரம் பறித்ததை யாரிடம் சொல்ல?

அடுத்த சந்தை நாளிலேயே நம் ஊர் வியாபாரி தோஷ்தெமிர் மான்புல் சாறு விற்கிறான். பழைய வோட்கா பாட்டில், ஆடு இறங்கிக் கலக்கிய வாய்க்கால் தண்ணீர், பச்சைச் சாயம். முகர்ந்தேன், நனைந்த காலுறை நாற்றம். இதில் புல் எங்கேடா என்று கேட்டேன். "அண்ணே, நீங்க தொங்குன கதையில எவ்வளவு பாறை இருக்கோ, அவ்வளவு புல் இதுல இருக்கு" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மேய்ப்பன் எஷ்முரோதின் காலில் ஆணி குத்தியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஒன்பது நாள் அந்தச் சாற்றையே ஊற்றியிருக்கிறான். என் முன்னால்தான் கட்டைப் பிரித்தான். சீழும் ஈயுமாக, செத்த எலி நாற்றம். "நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினேன் அண்ணே" என்றான். என் வண்டியிலேயே கொண்டுபோனேன். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு ஆட்டிறைச்சி இறங்கவில்லை. தோஷ்தெமிரை நினைத்துக் காறித் துப்புகிறேன், பிறகு என் வாயை நினைத்தால் அதைவிட அருவருப்பாக இருக்கிறது.

உன் இரண்டாம் கடிதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று வந்தது. நான் அனுப்பிய இரண்டாவது பைப் புல் ஒரு கிருமியையும் கொல்லவில்லை, என் கைதான் சரியில்லை மாமா, வியாழக்கிழமை ஆய்வுச் சபையில் முதல் பையைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் கைக்கு ஒரு குறையும் இல்லையம்மா. முதல் பையை அனுப்பும் முன், "தலைநகரம் போற பொருளு, எத்தனை கண்ணு படுமோ" என்று அத்தை அதற்குக் கண்ணேறு கழிக்கிற இசிரிக் செடியின் புகை காட்டினாள். இன்னும் போடு, இன்னும் போடு என்றவன் நான். காலையிலிருந்து மதியம் வரை புகைச்சட்டி மேலேயே பை தொங்கியது, இலை கறுத்தே போனது. இரண்டாவது பையைப் பேருந்து கிளம்பும் அவசரத்தில் புகையில்லாமல் ஏற்றிவிட்டேன். கிருமியைக் கொன்றது புல்லா, இசிரிக்கா? எனக்குத் தெரியாது. இதில் நான் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

இதை அப்படியே சபையில் சொல். என் பெயரை முழுசாகச் சொல், உன் வாத்தியார் திட்டினால் என்னைத் திட்டட்டும். புகை படாத மூன்றாவது பையை நானே கொண்டுவருகிறேன்.

நேற்று எஷ்முரோதைப் பார்க்கப் போனேன். மிச்ச விரல்களுக்கு வேற என்ன புல்லு நல்லது அண்ணே என்று என்னிடமே கேட்கிறான். எழுந்து வந்துவிட்டேன். இறைவன் உன் நாக்கைச் சுத்தமாக வைக்கட்டும். வியாழக்கிழமை நீயாவது உண்மையைச் சொல்லிவிடு, கண்ணே.

உன் மாமா,
நோர்கோபில்