குழாய் எடுக்கிற அன்று

இணுவில்,
20.02.1994

அன்புள்ள குணலட்சுமிக்கு,

நான் சுகம். உமது சுகத்தை மில்லிலீற்றரில் அறிந்துகொண்டிருக்கிறேன்.

செல்வநாயகம் அண்ணை பதினைந்தாம் திகதி கொழும்பிலிருந்து எழுதிய கடிதம் நேற்று முன்தினம் கிடைத்தது. சத்திரசிகிச்சைக் காயத்து நீரை இழுக்கிற கழுத்துக் குழாயில் மூன்று நாளும் அறுபது, நாற்பத்தைந்து, முப்பத்தைந்து. கழுத்துக்கு வைக்கத் தோலும் சதையும் எடுத்த முதுகுப் பக்கக் குழாயில் நூற்றுப்பத்து, தொண்ணூறு, எழுபது. ஒவ்வொரு காலையும் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அவரே குறித்து வைக்கிறாராம். இருபத்தாறு வருடமாகப் பத்திரிகையில் இருக்கிறேன். இவ்வளவு சுத்தமான குறிப்பை எங்கள் நிருபர்கள் ஒருவரும் அனுப்பியதில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

உமது வலது கை கட்டுக்குள் இருக்கிறது, கழுத்தைக் குனியக்கூடாது, கூட நிற்கிற மாமிக்குக் கண் தெளிவில்லை. ஆகவே நீர் சொல்ல எழுதுபவரும் அண்ணை, நான் எழுதுவதை வாசிப்பவரும் அவர். அது தெரிந்தே எழுதுகிறேன். அவர் உமது மச்சான். ஒரு காலத்தில் உமக்குப் பேசிய மாப்பிள்ளை. சாதகம் பொருந்தாமல் விட்டுப்போனது. நான் சாதகத்தை நம்புவதில்லை. அந்த ஒருமுறை மட்டும் நம்பினேன்.

யாழ்ப்பாணத்தை விட்டு உம்மிடம் வர எனக்கு மூன்றாம் முறையும் பாஸ் இல்லை என்றுவிட்டார்கள். காரணம் கேட்டேன், கேள்வி கேட்பது பத்திரிகையோடு நிற்கட்டும் என்றார்கள்.

நீர் சொல்லி அவர் எழுதிய பகுதி நாலு வரி. நான் நலம். வேளைக்குச் சாப்பிடவும். கிணற்றடி வாழைக்குத் தண்ணீர் விடவும். வேறு விசேஷம் இல்லை. பதினொரு வருடத்தில் நீர் எனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. அண்ணையின் பின்குறிப்பு அதைவிட நீளம். குணம் முந்தநாள் அழுதாவாம், அவர் பகிடி சொல்லிச் சிரிக்க வைத்தாராம். உம்மைக் குணம் என்று உமது அப்பாவைத் தவிர வேறொருவர் கூப்பிட்டு நான் அறியேன். அந்தப் பகிடி என்ன என்றும் எழுதவில்லை.

அவருடைய குறிப்பில் ஒரு விஷயம் விடுபட்டிருந்தது. குழாயை எடுக்கிறபோது எப்படி இருக்கும் என்பது. அதையாவது நீர் என்னிடமிருந்து அறியவேண்டும் என்று சைக்கிளில் குருநகர் போய் லூர்த்தம்மா மிஸ்ஸியைக் கண்டேன். சத்திரசிகிச்சை வார்ட்டில் முப்பது வருடம் தாதியாக இருந்தவ.

அவ சொன்னதை அப்படியே தருகிறேன். இரண்டு நாள் தொடர்ந்து முப்பதுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் எடுப்பார்கள். டொக்டருக்கு டொக்டர் அளவு வித்தியாசம். அவருடைய சொல்தான் முடிவு. கழுத்து முந்தும், முதுகு பிந்தும். முதலில் போத்தலின் இழுவையை நிறுத்துவார்கள். பிறகு குழாயைத் தோலோடு பிடித்திருக்கிற தையலை வெட்டுவார்கள். அது ஒரு கிள்ளுப்போல. மூச்சை இழுத்து மெல்ல விடச் சொல்வார்கள். விடும்போது குழாய் வரும். “உள்ளுக்கை ஏதோ ஊர்ந்து வெளிக்கிடுற மாதிரி இருக்கும், கொஞ்சம் எரியும், பத்து எண்ண முதல் முடிஞ்சிடும். நோவைவிடப் பயம்தான் கூட” என்றா. உள்ளே கிடந்த பகுதி நீர் நினைப்பதைவிட நீளமாக இருக்கும்; அதைப் பார்க்காமல் விடுவது நல்லது. ஓட்டையைத் தைக்கமாட்டார்கள், துணி வைத்து ஒட்டுவார்கள். ஒன்றிரண்டு நாள் இளஞ்சிவப்பாகக் கசியும், அது வழக்கம். வீங்கினால், சிவந்து சூடேறினால், காய்ச்சல் காய்ந்தால், கெட்ட மணம் வந்தால் உடனே சொல்லவேண்டும். வெட்கப்பட்டு இருக்கக்கூடாது.

வெளிக்கிடும்போது உமது நாலு வரியை அவவுக்குக் காட்டினேன். காட்டியிருக்கக்கூடாதுதான். வாசித்துவிட்டுச் சிரித்தா. “மச்சான்காரன் பேனையோடை பக்கத்திலை இருக்க, உம்மடை மனுசி வேறை என்னத்தைத் தம்பி சொல்லி எழுதுவிப்பா? வாழைக்குத் தண்ணி விடச் சொன்னதே பெரிய காரியம். அதென்ன வாழை?” என்று கேட்டா.

நெருப்புப் பட்ட அன்று, ஆஸ்பத்திரியில் மருந்துத் துணி இல்லாமல், அந்த வாழையின் குருத்துகளைத்தான் நான் வெட்டி வெட்டிக் கொண்டுவந்து தந்தேன்; உமது கழுத்தையும் கையையும் அவற்றால் சுற்றினார்கள். இரண்டு நாளாக அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். ஒரு கிழவி கேட்கும்வரை எனக்கு விளங்கவில்லை.

இனி ஒரு திருத்தம். பத்திரிகையில் பிழை வந்தால் அடுத்த நாள் போடுவோம். இது எட்டு மாதம் பிந்திவிட்டது. குணம் விளக்கைச் சரியாகப் பார்க்காமல் கொளுத்தியிருக்கிறா, சின்னனிலேயே அவ அவசரக்காரி என்று அண்ணை எழுதியிருக்கிறார். நீர் அவருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறீர். அது பிழையான செய்தி. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடமுதல் ஸ்ரார்ட் பண்ணவென்று கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்தேன். அதன் போத்தலில் கீறல் விழுந்துவிட்டது என்று, மண்ணெண்ணெய்ப் போத்தல் ஒன்றில் மாற்றி ஊற்றிக் குசினியில் வைத்தது நான். உமக்குச் சொல்லாமல் விட்டதும் நான். நீர் வழமைபோல அந்தப் போத்தலை எடுத்து விளக்கில் ஊற்றினீர். இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கோ அண்ணை. மாமிக்கும் கேட்கட்டும்.

நாளைக்கு அயல்வீட்டுக் கந்தப்பு கிளாலிக் கடலால் படகேறிக் கொழும்புக்குப் போகிறார். இந்தக் கடிதம் அவர் கையில் வருகிறது. கழுத்துக் குழாயை இதற்குள் எடுத்திருப்பார்கள்; என் மதிப்பில் முதுகுக் குழாய் இருபத்துநாலாம் திகதிக்கு முன் வராது. கடிதம் முந்தவேண்டும்.

குழாய் எடுக்கிற அன்று செல்வநாயகம் அண்ணையின் கையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிப்போட்டு, உண்மையில்லாதபடியால் வெட்டியிருக்கிறேன். வெட்டினதையும் வாசியுங்கோ அண்ணை. எனக்கு இருக்கிறது. என்றாலும் பிடியும்.

இணுவில் கந்தசுவாமியார் உமக்குத் துணை நிற்கட்டும். அண்ணைக்கும் இந்த வருடத்துக்குள் ஒரு நல்ல இடம் பொருந்தி வரட்டும். சாதகத்தைப் பெரிதாகப் பார்க்கவேண்டாம்.

பிறகு உமது இடது கையால், அவர் எழுதுகிற கடிதத்தின் அடியில் ஒரு கோடு கீறி அனுப்பும். கோணினாலும் பரவாயில்லை. கோபத்தில் கீறினாலும் பரவாயில்லை. உமது கை பட்டதாக இருக்கட்டும்.

உமது,
தில்லைநாதன்