நான் எழுதிப் பார்த்த பேனா

மூடியைத் திருகிக் கழற்றியதும் உலர்ந்த மையின் வாசனை வந்தது. அதற்குப் பின்னாலேயே பாச்சை உருண்டையின் வாசனை. புடவைகளுக்கு நடுவில் இதை ஒளித்து வைத்திருந்தாய் போலிருக்கிறது. கறுப்புப் பேனா, மூடியில் மெல்லிய தங்க வளையம், பின்பக்கம் சின்னதாக ஒரு பல் பதிந்த தடம். யோசிக்கும்போது பேனாவைக் கடிக்கிற வழக்கத்தை ஜோலார்பேட்டைக்குப் போயும் நீ விடவில்லை.

போன வாரம், உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு, உன் அகத்துக்காரர் வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்து அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் பேசினால் ரயில் சத்தம் கேட்காது என்று ஒருமுறை எழுதியிருந்தாய். அன்று அவர் பேசியது எனக்குப் பாதிதான் கேட்டது.

"இதை உங்க பொண்ணுகிட்ட சேத்துடச் சொன்னா. ஜுரம் ஏறினப்பறம் ரெண்டு தடவை சொன்னா."

போக எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "மத்தவாளுக்கெல்லாம் கூடத்துலேயே உக்காந்து, கட்டைப் பேனாவை மையில தொட்டுத்தான் எழுதுவா. இந்தப் பேனாவைத் தொட மாட்டா. இவாளுக்கு எழுதறச்சே மாத்திரம் இதை எடுத்துண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திண்டுடுவா. ஏன்னு நான் கேட்டதில்லே."

"சிநேகிதிகளுக்குள்ளே ஆயிரம் இருக்கும்" என்றார் அப்பா.

அவர் போன பிறகு மாடிக்குப் போய், பேனாவைக் கழுவி, மை ஊற்றி, உன் பெயரை எழுதினேன். முதல் எழுத்திலேயே நிப் காகிதத்தைக் கீறியது. இரண்டாவது எழுத்தில் மை வரவே இல்லை. எனக்கு அது விளங்கவில்லை. ஏனென்றால், இதைவிட வழவழப்பாக எழுதும் பேனா அந்தக் கடையில் இல்லை என்று தேர்ந்தெடுத்தவளே நான்தான்.

பேனா வாங்கிய அந்த நாளைப் பற்றி நாம் இருவரும் அப்புறம் பேசவே இல்லை. நீ பெருந்தன்மையால் பேசவில்லை. நான் பேசாததற்குக் காரணம் வேறு.

உனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, இன்டர்மீடியட்டோடு படிப்பு நின்றுபோன மாதம் அது. "வேற என்ன வேணும் உனக்கு?" என்று உன் அப்பா கேட்டாராம். ஒட்டியாணம், வங்கி என்று நீ ஏதாவது நகை சொல்வாய் என்று உன் அம்மா, அதாவது மாமி, காதைத் தீட்டிக்கொண்டிருக்க, "ஒரு பவுண்டன் பேனா" என்றாய். "மேலே படிக்கத்தான் விடலே. எழுதறதையாவது கொண்டுபோறேனே" என்று என்னிடம் சொன்னாய். ஊருக்கு வெளியே ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸில், புத்தகமோ சிநேகிதமோ இல்லாத இடத்தில், உனக்கு மிச்சம் இருக்கப்போவது அந்த ஒன்றுதான் என்று நம் இருவருக்கும் தெரியும்.

ஆனால் உனக்கு எழுத வராது. வலது கையால் வராது. இடது கையால் நீ வரைந்த கொக்கு தெப்பக்குளத்துப் படியிலிருந்து இப்போதுதான் பறந்து வந்து காகிதத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வலது கையால் எழுதினாலோ, அதே கொக்கு மையில் காலை நனைத்துக்கொண்டு நடந்த மாதிரி இருக்கும். சின்ன வயதில் மாமி உன் இடது கையைப் பாவாடை நாடாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டி உட்கார வைப்பாளாமே. "சாதம் பிசையற கையும் எழுதற கையும் ஒண்ணாத்தான் இருக்கணும்" என்பது மாமியின் சட்டம். நாடா அவிழ்ந்த பிறகும் அந்தக் கை புடவைத் தலைப்புக்குள்ளேயே இருந்தது. என் மாடி அறையில், கதவைத் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் அது வெளியே வரும். அப்போதும் வரையுமே தவிர அதிகம் எழுதாது.

லஸ் முனையில் பாய் வைத்திருந்த அந்தப் பேனாக் கடைக்கு மாமியோடு மூன்று பேராகப் போனோம். மாமி உள்ளே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பாய் வெல்வெட்டுத் துணியின் மேல் நாலு பேனாக்களை வரிசையாக வைத்து, எழுதிப் பார்க்கிற காகிதக் கட்டை நம் பக்கம் நகர்த்தினார். நாம் பேனாவைப் பார்க்கவில்லை, நமக்கு முன்னால் வந்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தோம். ஒருவர் ஸ்ரீராமஜெயம் எழுதியிருந்தார். ஒருவர் வீட்டு விலாசம் எழுதியிருந்தார். யாரோ ஒரு வக்கீல் தன் கையெழுத்தைப் பத்துப் பதினைந்து தினுசாகப் போட்டிருந்தார்.

"பாவம்டீ, எது தன்னோட கையெழுத்துன்னு இன்னும் முடிவு பண்ணலே" என்று என் காதில் சொன்னாய்.

எல்லாவற்றுக்கும் தலையில் பிள்ளையார் சுழி இருந்தது. பாயே ஒரு பேனாவை எடுத்து மளமளவென்று நாலு சுழி போட்டதைப் பார்த்து மாமி கண்ணை அகல விரித்தாள். பாய் சிரித்தார்.

"இன்னாம்மா பாக்கறே? நிப்பைப் பாக்க இதைவிட சோக்கானது ஒண்ணும் இல்லம்மா. வளைஞ்சு, சுத்தி, நேரா இழுத்து, எல்லாப் பக்கமும் போயிட்டு வந்துடுது. எங்கனா முள்ளு இருந்தா சுழியிலயே தெரிஞ்சுடும். சரி, எழுதப்போறது யாரு? அவங்கதான் எழுதிப் பாக்கணும். நிப்பு செருப்பு மாதிரி. ஒருத்தர் கால்ல பழகினது இன்னொருத்தர் காலைக் கடிக்கும்."

சரஸ்வதி பூஜைக்கு வைக்கிற பேனாவைச் செருப்பு என்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. நீ சிரித்துவிட்டாய். சிரிப்போடு வலது கையால் ஒரு பேனாவை எடுத்துச் சுழி போட்டாய். அது பாதியில் நின்றது. அடுத்த பேனா கீறியது. மூன்றாவதில் மை சொட்டியது. பாய் பேனாவைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டிய மையை ஒற்ற நீ அவசரமாக நீட்டியது இடது கையை. முந்தின நாள் சாயங்காலம் என் அறையில் படம் போட்ட மை, சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தில் அப்படியே இருந்தது.

"மை இந்தக் கையில கீதே?" என்றார் பாய். ஏளனமாகச் சொல்லவில்லை. வைத்தியர் நோயைக் கண்டுபிடித்த மாதிரி சொன்னார். "அட, இதுக்கா இவ்ளோ நேரம்? எந்தக் கை பழக்கமோ அந்தக் கையால எழுதிப் பாரும்மா. பேனாவுக்கு எந்தக் கைன்னு தெரியுமா இன்னா?"

கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்த்ததும் உன் இடது கை தலைப்புக்குள் போய்விட்டது. மாமி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். உன் மாமியாருக்கு உறவுக்காரர்கள் அடுத்த தெருவிலேயே இருந்தார்கள். பெண் இடது கைக்காரி என்று தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் நிச்சயதார்த்தத்திலிருந்தே மாமிக்கு உண்டு.

நீ மாமியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். உன் இடது கை தலைப்பிலிருந்து மறுபடி மெதுவாக வெளியே வந்து மேஜையின் விளிம்பில் நின்றது. இன்னும் ஒரு நிமிஷம் நான் சும்மா இருந்திருந்தால் போதும்.

நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். "கொடு, நானே எழுதிப் பாக்கறேன். இவளுக்கும் எனக்கும் ஒரே மாதிரி கைதான்" என்றேன். ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். நாலாவது பேனா வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. "இது நன்னா இருக்கு" என்றேன். மாமி பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள். உன்னைக் காப்பாற்றியதாகவே அப்போது நினைத்தேன்.

பாய் பேனாவைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "எழுதிப் பாத்தது ஒருத்தர், கொண்டுபோறது ஒருத்தர். நல்லா கீது போ" என்றார்.

மாட வீதி திரும்பினோம். குளம் வந்ததும், "உன் கைக்கு நன்னா எழுதித்து, இல்லே?" என்றாய். கோபமாகக் கேட்டிருந்தால் மறந்திருப்பேன்.

உன் முதல் கடிதங்கள் அரைப் பக்கம்கூட வராது. "சௌக்கியம். பேனா முரண்டு பண்ணுகிறது. மற்றவை பின்னர்." எழுத்தைப் பார்த்தாலே கை வலிக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு கடிதம் எட்டுப் பக்கத்துக்கு வந்தது. குண்டு குண்டாக, சீராக, வேறு யாரோ எழுதிக் கொடுத்தது போன்ற எழுத்து. இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் குருவிகள் குளிப்பதையும், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாள் ரயில் வரும்போதெல்லாம் சண்டையை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவதையும் எழுதியிருந்தாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பதிலில் என்ன எழுதினேன், தெரியுமா? "உன் வலது கை கடைசியில் திருந்திவிட்டது. மாமி சொன்னதுதான் சரிபோலிருக்கிறது" என்று எழுதினேன்.

அதற்கு நீ எழுதியது இப்போது என் முன்னால் இருக்கிறது. "அடுத்த தடவை பிறந்தகம் வரும்போது உன் மாடி அறையில் உட்கார்ந்து எழுதிக் காட்டுகிறேன். தாழ்ப்பாள் போட மறந்துவிடாதே."

இத்தனை புத்தகம் படிக்கிறவள் நான். இந்த இரண்டு வரி அப்போது எனக்குப் புரியவில்லை. அந்த அடுத்த தடவை வரவும் இல்லை.

நேற்று அப்பா லைப்ரரிக்குக் கிளம்பினபோது நானும் கூடப்போய், லஸ் முனையில் பாய் கடைக்குள் நுழைந்தேன். பாய்க்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. பேனா தெரிந்தது. "நம்ம கடைச் சரக்கு" என்று சொல்லி, பூதக்கண்ணாடி வில்லையைக் கண்ணில் பொருத்திக்கொண்டு நிப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உன்னுது இல்லியேம்மா."

"என் சிநேகிதியோடது. மூணு வருஷத்துக்கு முன்னாலே இங்கேதான் வாங்கினோம். கீறறது. என்ன கோளாறு?"

"கோளாறே இல்ல. இது இடது கைக்காரங்க பேனா. இதோ பாரு, இந்த ஓரம் தேஞ்சிருக்குது. ஒரே கைதான் எழுதியிருக்குது, வேற ஆளே தொடல. கொஞ்சநஞ்சமா எழுதல அவங்க. மூணு வருசத்துல இவ்ளோ தேயறதுன்னா... எங்க கீறாங்க, ஊர்லயா?"

நான் பேனாவின் மூடியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வில்லையைக் கழற்றிக் கீழே வைத்தார். "உனக்கு வேணும்னா அந்த ஓரத்தை லேசா தேச்சு உட்டுடறேன். உன் கைக்கு வந்துடும்" என்றார்.

"வேண்டாம் பாய்."

காகிதக் கட்டை நானே என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பேனாவை இடது கையில் பிடித்தேன். பிடிக்கவே தெரியவில்லை, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கடையில் யாரோ இருந்தார்கள். அப்பாவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுழி போட்டேன். குழந்தை போட்டதுபோல் கோணிக்கொண்டு போயிற்று. ஆனால் நிப் சத்தமே போடவில்லை. வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. உன் கை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் உங்கள் வீட்டுக்குப் போனேன். மாமி முற்றத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தை வாங்குவதற்காகக் கையை நீட்டினேன். இடது கையின் சுண்டுவிரல் ஓரத்தில் மை இருந்ததை நான் கவனிக்கவில்லை. மாமி கவனித்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பி, வெகுநேரம் பார்த்தாள். பேனா வந்ததும், எனக்கு எழுதும்போது நீ கதவைச் சாத்திக்கொண்டதும் அவளுக்குத் தெரியும். உன் அகத்துக்காரர் அங்கேயும் சொல்லியிருக்கிறார்.

"அந்தக் கையாலயா எழுதினா?" என்றாள்.

"ஆமா மாமி. நிறைய எழுதினா."

மாமி அழுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் படிக்க மாட்டேன். அது உங்க ரெண்டு பேரோடது. எழுத்தை மாத்திரம் காட்டறியாடி?"

வீட்டுக்கு ஓடிப்போய் அந்த எட்டுப் பக்கக் கடிதத்தை எடுத்து வந்தேன். அவள் அதை மடியில் விரித்து, ஒவ்வொரு வரியின் மேலும் விரலால் தடவிக்கொண்டே போனாள். "குண்டு குண்டா இருக்கே" என்றாள். "முத்துக் கோத்தாப்பல இருக்கே" என்றாள். கடைசிப் பக்கம் முடிந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

இந்த மடலை என் பழைய பேனாவால், என் வலது கையால்தான் எழுதுகிறேன். மேலே கோணலாக இருக்கிறதே, அந்தச் சுழி மட்டும் உன் பேனாவால் போட்டது. மை இன்னும் கையில் இருக்கிறது. காலையில் சாப்பிடும்போது அம்மா பார்த்து, "என்னடி இது, இந்தக் கையில?" என்றாள்.

நான் கையைத் தலைப்புக்குள் இழுத்துக்கொள்ளவில்லை.