என்கிட்ட மட்டும் ஏண்டி?

அம்மா,

செனாயிலிருந்து வந்த மகள் ஒரு போத்தல் செம்பனை எண்ணெய் வாங்கி வந்தாள். சுத்திகரிக்காத, சிவப்பு எண்ணெய். "உடம்புக்கு நல்லதாம்மா, இப்ப எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க" என்று வாணலியில் ஊற்றினாள். வாடை எழுந்ததும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் நம் சட்டியிலும் விளக்கிலும் அந்த எண்ணெய்தான். உன் முந்தானையிலும் அதே வாடைதான்.

சாப்பிடும்போது அவள் வேலை செய்யும் கிளினிக்கில் நடந்த வகுப்பைப் பற்றிச் சொன்னாள். "தாய்க்கு மன அழுத்தம் கூடினா பிள்ளைங்க அடங்காதாம். பிள்ளைங்க அடங்கலேன்னா தாய்க்கு இன்னும் கூடுமாம்." எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்! நம் தோட்டத்து லயத்து வீடுகளில் அதற்குப் பெயர் ஏதும் இருக்கவில்லை. எனக்குத்தான் இருந்தது. சனியன்.

சயாமில் ரயில் பாதை போட அப்பாவை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது எனக்கு எட்டு வயது. தம்பி உன் இடுப்பில். "மூணு மாசந்தான், திரும்பி வந்துருவாங்க" என்றார் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. நம் ரெங்கம் ஊரைச் சுற்றி எல்லா ரப்பர் தோட்டங்களிலும் பால்வெட்டு நின்றுவிட்டது. ரப்பர் மரங்களைச் சாய்த்த இடத்தில் மரவள்ளி நட, நீ வெயில் முழுக்க மண்வெட்டி பிடித்தாய். திரும்பி வந்தால் தம்பிக்கு வயிற்றுப்போக்கு. அடுப்பில் ஈர விறகு. நடுவில் நான்.

நீ ஆக்கி வைத்த கஞ்சியைக் கவிழ்த்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் கடித்தேன். தம்பி தூங்கினால் தகரத்தைத் தட்டி எழுப்பினேன். நீ விறகுக் குச்சியால் அடித்தாய். அடித்ததும் நான் இன்னும் மோசமானேன், நீ இன்னும் அடித்தாய். "உங்கப்பனோட நீயும் போய்த் தொலஞ்சிருக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கத்தினாய். பிறகு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாய். தம்பி அழுதும் தூக்கவில்லை. நீ அப்படி உட்கார்ந்ததைப் பார்த்து நான் அடிக்குப் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். பயந்ததும் போய்ப் பானையை உடைத்தேன்.

மரவள்ளியைப் பார்வையிட ஜப்பானிய அதிகாரி வந்த நாளைப் பற்றி நீ சாகும்வரை பேசவே இல்லை. எல்லோரும் வரிசையாக நின்று இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். நான் மண்ணில் உட்கார்ந்துகொண்டேன். நீ பல்லைக் கடித்தபடி என்னை இழுத்தாய். நான் உன் கையைக் கடித்தேன். நீ 'ஐயோ' என்று அலறிவிட்டாய். அதிகாரி நடந்து வந்து உன் கன்னத்தில் அறைந்தான். பிறகு ஏதோ கேட்டான்.

கிராணி தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தார். "பிள்ளைய வளக்கத் தெரியாதான்னு கேக்குறாரு."

அப்பாவைக் கொண்டுபோனவன் கேட்கிறான், அம்மா. உன் வாயோரம் ரத்தம். "தெரியலைங்கன்னு சொல்லுங்க" என்றாய்.

அன்றைக்கு நீ என்னை அடிக்கவில்லை. மறுநாள் காலையில் எனக்குத் தலை வாரிவிட்டாய். தண்டவாளத்தை ஒட்டியே நடந்து லாயாங் லாயாங் ஊருக்குக் கூட்டிப்போனாய். அங்கே ரயிலடிக் குடியிருப்பில் ஞானம்மா இருந்தார். ஊரில் நீயும் அவரும் ஒரே தெரு. பிள்ளை இல்லாதவர். ஜப்பான்காரனுக்கு ரயில் ஓட வேண்டியிருந்ததால் ரயில்வே வேலையிலிருந்த அவர் கணவரை எங்கும் அனுப்பவில்லை. கொஞ்சம் அரிசியும் கொடுத்தார்கள். "என்னால முடியல ஞானம், நீ வச்சுக்க" என்றாய். திரும்பிப் பார்க்காமல் போனாய்.

அந்த வீட்டில் நான் ஒரு பாத்திரத்தைக்கூட உடைக்கவில்லை. சொன்னதைச் செய்தேன். ஞானம்மாவோடு சேர்ந்து ஜெபத்துக்கு மண்டியிட்டேன். சில மாதம் கழித்து நீ பார்க்க வந்தபோது அவர் வாய் நிறையச் சொன்னார்: "தங்கமான பிள்ள. இதப் போயி அடங்காதுன்னு சொன்னியே! அன்பா சொன்னா கேக்குது." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வயிறு நிறைந்தவர், இரவு தூங்குகிறவர், பக்கத்தில் புருஷன் இருக்கிறவர். அன்பு அவருக்குக் கைக்கெட்டிய இடத்தில் இருந்தது.

நீ என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனாய். வெடித்த கையால் என் முகவாயைப் பிடித்துக் கேட்டாய். "என்கிட்ட மட்டும் ஏண்டி?"



ஜப்பான்காரன் சண்டை முடிந்தது. சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அப்பா வரவில்லை. நீ என்னை அழைத்துப்போன வாரமே நான் பழையபடி ஆனேன். லயமே பேசியது. "அங்க ஒழுங்கா இருந்தவதானே? தாய் சரியில்ல." உன் காதில் விழும்படியே பேசினார்கள். அப்பாவை லாரியில் ஏற்றியபோது வாய் திறக்காதவர்கள்.

தம்பி இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். "அம்மா என்னைய ஒரு அடிகூட அடிச்சதில்லக்கா" என்பான். உண்மைதான். அவனுக்கு நினைவு தெரிந்தபோது உனக்கு வேலை இருந்தது, கூலி இருந்தது. நீ பொறுமைசாலியாகிவிட்டாய். அந்த அம்மாவை அவனுக்குக் கொடுத்தாய். எனக்கு வாய்த்தவள் வேறு. அந்தக் கசப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

நானும் தாயான பிறகுதான் உன் கேள்விக்குப் பதில் கிடைத்தது. குளுவாங் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது உன் காதருகே சொன்னேன். "அங்க நான் நல்ல பிள்ளையா இல்லம்மா, பயந்துபோயி இருந்தேன். சத்தம் போட்டா அவங்களும் அனுப்பிருவாங்கன்னு. உன்கிட்டதான் கத்த முடிஞ்சிச்சு. நீதானே என் அம்மா."

நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். "சமாதானம் சொல்லாதடி. எனக்கு வளக்கத் தெரியல."

மூன்றாம் நாள் போய்விட்டாய், அப்படியே நம்பிக்கொண்டு.

கடைத்தெருவில் இளம் தாய் ஒருத்தி பிள்ளையைப் போட்டு அடித்தால், சுற்றி நிற்கிறவர்கள் முறைக்கிறார்கள். சிலர் புத்தி சொல்கிறார்கள். நான் பக்கத்தில் போய், "வீட்டுல ஒனக்கு ஒத்தாசைக்கு யாரும்மா இருக்கா?" என்று கேட்கிறேன். பல பேர் அங்கேயே நின்று அழுதுவிடுகிறார்கள்.

நம் லயத்தில் அத்தனை வீடுகள் இருந்தன அம்மா. உன்னிடம் அதைக் கேட்க ஒருவர் வரவில்லை.