சாய்ஸில் விட்ட கேள்வி

ஜனவரி 6

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் காது சரியாகக் கேட்காமல் "சாப்பிட்டேன், சாப்பிட்டேன்" என்கிறாய். அதனால்தான் கடிதம்.

ஒரு செய்தி. பள்ளி இறுதித் தேர்வில் அன்று விட்டுப்போன இங்கிலீஷ் பேப்பரைத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் போட்டிருக்கிறேன். மார்ச்சில் தேர்வு. சிரிக்காதே. எனக்கு வயது ஐம்பத்தொன்று என்பது எனக்கும் தெரியும்.

ஏன் இப்போது என்று கேட்பாய். எங்கள் கார்மென்ட்ஸில் மூன்றாவது லைனுக்கு சூப்பர்வைசர் வேண்டுமாம். அந்த லைனில் பத்தொன்பது வருடமாகத் தைக்கிறேன். காலர் கோணினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், மெஷின் கோணினாலும் என்னைத்தான். போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு, "நீங்க பாக்குறதே சூப்பர்வைசர் வேலைதாம்மா, நான் இல்லைன்னா சொல்றேன்? ஃபைல்ல வைக்க ஒரு சர்டிபிகேட் வேணுமே. ஜூன் வரைக்கும் இடத்தை நிறுத்தி வைக்கிறேன்" என்றார். நான் தையல் சொல்லிக்கொடுத்த மூன்று பெண்கள் இன்று எனக்கு மேலே நின்று என்னிடம் கணக்குக் கேட்கிறார்கள். நாலாவதாக ஒருத்தி வந்தால் கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடுவேன்.

சாப்பாட்டு நேரத்தில் பயிற்சி செய்கிறேன். பேச்சுத் தேர்வுக்குக் கட்டிங் மாஸ்டர்தான் ஜோடி. "உங்கள் பொழுதுபோக்கு என்ன?" என்று இங்கிலீஷில் கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிடுவார். "டெய்லரம்மா, இந்த ஸ்பீடுல நீங்க ஷர்ட் தச்சா கம்பெனியை மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்கிறார்.

எழுத்துக்கு நீ. முப்பத்திரண்டு வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவளை அக்காவாக வைத்துக்கொண்டு வேறு யாரிடம் போய் நிற்பது? முதல் விடைத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். திருத்தி அனுப்பு.

உன் தங்கை

ஜனவரி 15

என் சுட்டிக்கு,

உன் கவரைப் பிரித்து விடைத்தாளைப் பார்த்ததும் எனக்கு வேலை திரும்பக் கிடைத்ததுபோல் இருந்தது. ஓய்வு பெற்ற இந்த ஒரு வருடத்தில் என் சிவப்புப் பேனா காய்ந்தே போயிருந்தது. வெந்நீரில் முக்கி எடுத்து உன் தாளைத் திருத்தினேன்.

பத்தியைப் படித்துப் பதில் எழுதும் பகுதியை நன்றாகவே செய்திருக்கிறாய். அவசரம்தான் உன் குறை. நீ துணியை வெட்டுவதற்கு முன் எத்தனை முறை அளப்பாய்? கேள்வியையும் அப்படி அளந்து பார். என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கேள்வியின் முதல் நாலு வார்த்தையைப் படித்ததும் எழுத ஆரம்பித்துவிடுவான். நதியைப் பற்றிக் கேட்டால் நரியைப் பற்றி மூன்று பக்கம் எழுதுவான். அழகான நரி. ஆனால் மார்க் பூஜ்யம்.

இன்னொன்று. தெரியாத கேள்வியோடு மல்லுக்கட்டாதே. அதைச் சாய்ஸில் விட்டுவிடு. நேரம் மிஞ்சினால் திரும்பி வா.

அடுத்து, கடிதம் எழுதும் பயிற்சி. தலைப்பு: 'என்னால் மறக்க முடியாத ஒரு நாள்.' யாருக்கு வேண்டுமானாலும் எழுது. கைடில் இருப்பதை மனப்பாடம் செய்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். சொந்தமாக நடந்ததை எழுது. நிஜமாக நடந்ததை எழுதும்போது வார்த்தை தானாக வரும்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 24

அக்காவுக்கு,

நீ கேட்டபடி கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்றரைப் பக்கம். அகராதி பார்த்தேன், வேறு யாரிடமும் கேட்கவில்லை. எழுத நாலு நாள் ஆயிற்று. கைடில் இருந்து எடுத்தது இல்லை, நிஜமாக நடந்தது.

உனக்கே எழுதியிருக்கிறேன். நிதானமாகப் படி.

தங்கை

பிப்ரவரி 2

என் சுட்டிக்கு,

உன் கடிதத்தைத் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இருபதுக்குப் பதின்மூன்று. இது நல்ல மார்க், மனம் தளராதே.

தேதியும் முகவரியும் சரியான இடத்தில் இருக்கின்றன. நடந்து முடிந்ததை நடந்து முடிந்ததாகவே கடைசிவரை எழுதியிருக்கிறாய், பெரிய பிள்ளைகளே இதில் தடுமாறுவார்கள். மொத்தம் பதினோரு பிழை. எல்லாவற்றையும் வட்டம் போட்டிருக்கிறேன். இரண்டாவது பத்தி நீளமாகிவிட்டது, அதை இரண்டாகப் பிரிக்கலாம். கடைசியில் இரண்டு கேள்விகளை அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறாய். கடிதத்தைக் கேள்வியில் முடிக்காதே. சட்டைக்குக் கடைசிப் பொத்தான் வைக்காமல் கொடுத்ததுபோல் இருக்கும். நன்றி சொல்லியோ வாழ்த்துச் சொல்லியோ முடிப்பதுதான் முறை.

அடுத்த பயிற்சி: தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்கு ஒரு புகார்க் கடிதம்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 9

அக்கா,

பதின்மூன்று மார்க்கா?

நீ அதைப் படித்தாயா, இல்லை பிழையை மட்டும் பொறுக்கினாயா? உன் சிவப்பு வட்டங்களை எண்ணிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். 'ஹால் டிக்கெட்' என்ற வார்த்தையையே வட்டம் போட்டு, எழுத்தைத் திருத்தியிருக்கிறாய். அந்த வார்த்தையைத் திருத்தும்போது உன் கை நடுங்கவே இல்லையா? வட்டம் அவ்வளவு உருண்டையாக இருக்கிறது!

இங்கிலீஷில் எழுதினால் உனக்கு உறைக்காதுபோலும். தமிழில் எழுதுகிறேன். இதிலும் பிழை இருந்தால் வட்டம் போட்டுக்கொள்.

எனக்குப் பதினேழு வயது. இங்கிலீஷில் மட்டும் நாலு மார்க்கில் போயிற்று. செப்டம்பரில் மறுதேர்வு. அம்மா கீழே விழுந்து படுத்த படுக்கையான வருடம் அது. நீ ஆசிரியர் பயிற்சிக்காக விடுதியில் இருந்தாய். அம்மாவைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, அவள் கண் அசந்த நேரமெல்லாம் நான் படித்தேன். மறுதேர்வு விண்ணப்பத்தை நீதான் நிரப்பினாய். "ஹால் டிக்கெட் வீட்டுக்கு வந்தா தொலைஞ்சிடும், என் விடுதி அட்ரஸ் போடுறேன்" என்றாய். போட்டாய். தேர்வுக்கு முந்தின நாள் வந்து, "வரவே இல்லடி, என்ன பண்றது" என்றாய்.

அடுத்த நாள் நான் தேர்வு மையத்துக்குப் போனேன். அது உனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவை அம்மாவிடம் உட்காரவைத்துவிட்டு, இஸ்திரி போட்ட பாவாடையோடு, இரண்டு பேனாவோடு போனேன். கேட்டில் இருந்த கிளார்க், "சீட்டு இல்லாம உள்ள விடமுடியாதும்மா, அழாத, தள்ளி நில்லு, மத்தவங்களுக்கு வழி விடு" என்றார். வழி விட்டேன். அன்று விட்ட வழியில்தான், அக்கா, இன்றுவரை எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

போன வருடம் நீ ஓய்வு பெற்றபோது குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வந்தேனே, உன் பழைய பயிற்சி நோட்டுகளைக் கட்டும்போது ஒன்றிலிருந்து விழுந்தது. என் ஹால் டிக்கெட். என் போட்டோ, இரட்டைப் பின்னல். தலையெழுத்து என்று நான் முப்பத்துமூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தது உன் நோட்டுக்குள் மடங்காமல், கசங்காமல் இருந்தது. எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு உனக்கு மூட்டை கட்டிக் கொடுத்தேன்.

அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்பாய். கேட்டால் நீ ஏதாவது ஓர் உதாரணம் சொல்வாய் என்று பயந்தேன். தமிழில் எழுத உட்கார்ந்தால் தாளைக் கிழித்துவிடுவேன்போல் இருந்தது. இங்கிலீஷில் எனக்குக் கோபப்படத் தெரியாது. அதனால்தான் எழுத முடிந்தது. அதற்குத்தான் பதின்மூன்று மார்க்.

அந்தக் கடைசி இரண்டு கேள்விகள் பயிற்சிக்கு எழுதியவை இல்லை. வந்ததா? ஒளித்தாயா? பதில் சொல்.

தங்கை

பிப்ரவரி 16

சுட்டி,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது.

அது குழப்பமான காலம். விடுதியில் தபாலையெல்லாம் ஒரே மேஜையில் கொட்டி வைப்பார்கள். யார் யாருடையதையோ யார் யாரோ எடுத்துப் போவார்கள். எனக்கும் இறுதிப் பயிற்சி வகுப்புகள், தலைக்கு மேல் வேலை. உன் ஹால் டிக்கெட் எப்படியோ என் நோட்டுக்குள் போய்விட்டது. ஒரு பெரிய வீட்டில் சாவி தொலைவதில்லையா? எல்லோரும் தேடுவார்கள், அது எடுத்தவர் மடியிலேயே இருக்கும். அப்படி நடந்திருக்கிறது. உனக்கு நேர்ந்ததை நினைத்து மிகவும் வருந்துகிறேன்.

கோபத்தில் படிப்பை விட்டுவிடாதே. மார்ச்சுக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. நகராட்சிக் கடிதத்தை அனுப்பு.

அக்கா

பிப்ரவரி 20

அக்கா,

உன் கடிதத்தை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். கட்டிங் மாஸ்டரிடம் துணியில் கோடு போடும் சிவப்புப் பென்சில் கேட்டு வாங்கினேன். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் வட்டம் போட்டிருக்கிறேன்: 'எப்படியோ'.

சாவி உதாரணத்தை அடித்துவிட்டேன்.

மார்க் போடவில்லை. திருத்தி எழுது.

பிப்ரவரி 27

தங்கைக்கு,

உன் ஹால் டிக்கெட் ஆகஸ்ட் கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை, முதல் தபாலில் வந்தது. நான்தான் வாங்கினேன். நான்தான் ஒளித்தேன்.

நீ தேறிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். தேறினால் நர்ஸ் படிப்புக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நீ போனால் அம்மாவைப் பார்க்க நான் வரவேண்டும். என் பயிற்சி முடிய ஆறு மாதம் இருந்தது. பாதியில் விட்டால் திரும்பச் சேர்க்கமாட்டார்கள். இரண்டு பேரில் ஒருத்திதான் வெளியே போகமுடியும் என்ற நிலையில், அந்த ஒருத்தி நானாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீயே விட்டுக்கொடுத்திருப்பாய் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவே இருந்தாலும், நான் கேட்கவில்லை.

அடுத்த தேர்வுக்கு எழுதிக்கொள்ளட்டும் என்றும் நினைத்தேன். நீ இரண்டு முறை விண்ணப்பம் வாங்கி வரச் சொன்னாய். "அம்மா கொஞ்சம் எழுந்து உக்காரட்டும்டி" என்றேன். அம்மா எழுந்து உட்காரவே இல்லை. ஆறு வருடம்.

அதைக் கிழிக்கக் கை வரவில்லை. அதை நல்ல மனசு என்று எடுத்துக்கொள்ளாதே. கிழித்தால் செய்தது செய்ததாகிவிடும் என்ற பயம். பள்ளியில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளன்று தலைவலி என்று சொல்லி, அந்த வேலையைக் கணக்கு டீச்சரிடம் தள்ளிவிடுவேன். முப்பத்திரண்டு வருடமும்.

உன் இங்கிலீஷ் கடிதத்தின் மூன்றாவது வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கையில் பேனா இருந்தது. அதைக் கீழே வைத்தால் உனக்குப் பதில் சொல்லவேண்டும். அதனால் வைக்கவில்லை. நீ சொன்னது சரி, கை நடுங்கவில்லை. பழகிவிட்ட கை.

இதற்கு உதாரணம் எதுவும் என்னிடம் இல்லை.

தேர்வன்று நான் வந்து கேட்டுக்கு வெளியே நிற்கட்டுமா? என்னை மன்னிக்க முடியுமா? கேள்வியில் முடிக்கிறேன். வேறு எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

அக்கா

மார்ச் 25

அக்காவுக்கு,

நேற்றுத் தேர்வு முடிந்தது. நீ வரவேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு எழுதப் பிடிக்கவில்லை. வராமல் இருந்தாயே, அதற்கு மட்டும் நன்றி.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் என்னைத் தடுத்து, "பிள்ளைங்களோட வந்தவங்கல்லாம் வெளியதாம்மா நிக்கணும்" என்றார். ஹால் டிக்கெட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போங்கம்மா, போங்க, நல்லா எழுதுங்க" என்று விலகி நின்றார். பாவம் அந்த மனிதர். முப்பத்துநாலு வருடக் கோபத்தை அவர் தலையில் இறக்கிவிட்டேன்.

போன வாரமே பேச்சுத் தேர்வு முடிந்துவிட்டது. பொழுதுபோக்கு என்ன என்றுதான் கேட்டார்கள். கடிதம் எழுதுவது என்றேன்.

எழுத்துத் தேர்வில் கடிதக் கேள்வி என்ன தெரியுமா? 'உங்கள் படிப்புக்கு உதவிய ஒருவருக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதுக.' கேள்வியை இரண்டு முறை படித்தேன். பிறகு உனக்கே எழுதினேன். என் அக்கா சிறு வயதிலிருந்தே என் படிப்பில் அக்கறை கொண்டவள், அவள் இல்லாவிட்டால் நான் இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கமாட்டேன் என்று. இரண்டாவது பத்தியைப் பிரித்து எழுதினேன். நன்றி சொல்லி முடித்தேன். ஒரு பிழைகூட இருக்காது. திருத்துகிறவர் முழு மார்க் போடுவார். எழுதியது பொய் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவரும் பிழையைத்தானே பார்ப்பார், உன்னைப்போல.

நிஜத்தை எழுதிய கடிதத்துக்குப் பதின்மூன்று. பொய்க்கு இருபது.

என் பழைய ஹால் டிக்கெட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி என் கைப்பையில் அதற்கு இடமில்லை, அங்கே புதியது இருக்கிறது. நோட்டுக்குள் வைக்காதே. கண்ணில் படுகிற இடத்தில் வை.

விடைத்தாள் இனி வராது. அந்தச் சிவப்புப் பேனாவைக் காயவிடு.

மன்னிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். நிதானமாக அளந்து பார்த்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. நீ சொல்லிக்கொடுத்தபடியே அதைச் சாய்ஸில் விட்டிருக்கிறேன்.

நேரம் மிஞ்சினால் திரும்பி வருகிறேன்.

உன் தங்கை