சாயம் இறங்கிய தண்ணீர்

மடுல்கெல்ல, 20.7.83
தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் என் பிள்ளைக் காம்பராவில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் கண் மஞ்சள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் சண்முகநாதன் ஐயா இமையை இழுத்துப் பார்த்தார். "செங்கமாரிதான், ஞானேஸ்வரி. தண்ணியாலதான் பரவுது. இன்னும் கூடினா காம்பராவைப் பூட்டச் சொல்லுவார் தோட்டத் துரை."
பூட்டினால் தாய்மார் எப்படிக் கொழுந்து பறிக்கப் போவார்கள்? சம்பளம் இல்லாமல் எதைத் தின்பார்கள்? என் காம்பராவையா பூட்டுவார்? பார்த்துவிடுவோம்!

22.7.83
பிள்ளைகளுக்குக் கொதித்த தண்ணீர்தான் கொடுத்துவிட வேண்டும் என்று எல்லாத் தாய்மாரிடமும் கத்தியாயிற்று. ரத்தினம்மா கொண்டுவந்த போத்தல் சில்லென்றிருந்தது. கேட்டால், "ராவே கொதிக்க வச்சேங்க அக்கா, ஆறிருச்சு" என்று சாதிக்கிறாள். எப்படி நம்புவது? தண்ணீரைப் பார்த்தால் தெரியவா போகிறது?

23.7.83
தெரியும்! இனித் தேயிலைச் சாயம் இறங்கிய போத்தல்தான் உள்ளே வரும். வெறும் தண்ணீர் வாசலோடு திரும்பிப் போகட்டும். பச்சைத் தண்ணீரில் சாயம் இவ்வளவு கறுப்பாக இறங்காதே! தேயிலைக்கா இங்கே பஞ்சம்?
ஐயா சிரித்துவிட்டார். "ஓம், நல்ல யோசனை. ஆனா தளதளவெண்டு கொதிக்க வேணும், சொல்லிப்போடும்."
எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருக்கிறது. இருக்கட்டுமே.

27.7.83
கண்டியில் நம் தமிழர் கடைகளை எரிக்கிறார்களாம். ஊரடங்கு. ரத்தினம்மாவின் மகன் ஜெயபாலுக்குக் கண் மஞ்சளித்து ஓயாத வாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. ஐயாதான் பக்கத்திலேயே இருக்கிறார்.
"அக்கா, சாயத்துக்கு முன்னாடி குடுத்துவிட்டதெல்லாம் பச்சத் தண்ணிதான். விறகெல்லாம் நனஞ்சு கெடந்துச்சு" என்று ரத்தினம்மா என் கையைப் பிடித்து அழுதாள். என் வீட்டு விறகைத் தூக்கிக் கொடுத்தேன்.
மாரியம்மா, பயமா இருக்கு. அந்தப் புள்ளைய விட்டுடு.

30.7.83
ஜெயபால் கஞ்சி குடித்தான்.

18.9.83
புதிதாக ஒரு பிள்ளைக்கும் நோய் இல்லை. "காம்பரா பூட்டுறேல்லை எண்டு துரை சொல்லிப்போட்டார்" என்றார் ஐயா. வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தேன்.

25.9.83
பொன்னையா கங்காணி வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. பிள்ளைகளுக்குத் தம்ளர் தம்ளராகச் சர்பத் நீட்டினார். ஜெயபால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.
"தாத்தா, கொதிச்ச தண்ணியா?"
கங்காணி தம்ளரை அடுத்த பிள்ளையிடம் நீட்டினார். மற்றப் பிள்ளைகளும் வாங்கவில்லை.
"எவடா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"
அத்தனை பிள்ளைகளும் என்னைக் கை காட்டினார்கள்.