துறையூர்ப் படிவங்கள்

ஐப்பசி 9, புதன்

பிஎச்.டி.க்காகச் சேர்த்த சர்வே படிவங்களை இன்று மறுபடி புரட்டினேன். துறையூர்க் கல்லூரியிலிருந்து வந்த அறுபதிலும் ஒரே ஆளின் கையெழுத்து. நூலகத்துக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறீர்கள் என்ற கேள்விக்கு அறுபது பேரும் தினமும் என்று எழுதியிருந்தார்கள்.

அங்கே இருக்கும் நூலகருக்குப் போன் செய்தேன்.

"பசங்க எழுதவே மாட்டேங்கிறாங்க மேடம். நீங்க திருவானைக்காவல்லேர்ந்து பஸ் மாறி மாறி வந்து நிக்கிறீங்க. பாவமா இருந்துச்சு, நானே போட்டுட்டேன்" என்றார்.

உதவி செய்ததாகவே நினைக்கிறார். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

இந்த அறுபதை எடுத்துவிட்டால் ஐந்தாம் அத்தியாயம் நிற்காது. கைடு படித்துச் சரி என்று சொல்லிவிட்ட அத்தியாயம். நான்கு வருஷ உழைப்பு. நாளை அவர் முன்னால் போய் எப்படி நிற்பது என்று தெரியவில்லை.

மற்ற ஊர்ப் படிவங்களாவது தேறுமா என்று அரியமங்கலம் கட்டைப் பிரித்தேன். அடியில் பன்னிரண்டு தாள்கள். நான் போன அன்று மழை, நூலகத்தில் ஒருவரும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து நானே நிரப்பினேன்.

அந்தப் பன்னிரண்டு பேரும் தினமும் வருகிறார்கள்.